கைப்பிரதி இல்லாத தெரு ஊழியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தெரு ஊழியம் என்றாலே இயேசுவைப் பற்றிய கைப்பிரதியும் ஒலிபெருக்கியும்தான் நம்மவர் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. லண்டனில் நான் செல்லும் ‘ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்’ பணி வேறு மாதிரி. 2003-இல் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் போதகர் லெஸ் ஐசக் தொடங்கியது. சனிக்கிழமை இரவு ஜெபித்துவிட்டுக் கிளம்பினால் திரும்ப விடியற்காலை ஆகிவிடும். ஹை ஹீல்ஸைக் கையில் பிடித்தபடி, உடைந்த பாட்டில் சில்லுகளுக்கு நடுவே வெறுங்காலோடு நடக்கும் பெண்களுக்கு ரப்பர் செருப்பு கொடுப்போம். போதையில் சரிந்து கிடப்பவருக்குத் தண்ணீர் கொடுத்து, டாக்சி வரும்வரை பக்கத்திலேயே இருப்போம். கேட்டால்தான் இயேசுவைப் பற்றிப் பேச்சு. பலர் கேட்கிறார்கள்! எங்கள் குழுவில் தமிழர் நான் ஒருத்திதான். நம் சபை வாலிபர்கள் வரவேண்டும், பயிற்சி தருகிறார்கள்.

வாசகி, தெற்கு லண்டன்