ஆபீஸ் காப்பி

நங்கநல்லூர்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள வித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீல டிக்கோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். கை கொஞ்சம் ஆடுகிறது, பொறுத்துப் படி.

அப்பா சௌக்கியம். கண் டாக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். சேது மாமா விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை எழுதி உன்னையும் படுத்த வேண்டாம்.

நீ பார்க்கச் சொன்ன ‘மேட் மென்’ சீரியலை முடித்துவிட்டேன். ஏழு சீசன், 92 எபிசோடு. அப்பா நாலாவது எபிசோடில் எழுந்து போய்விட்டார். “எல்லாரும் குடிக்கிறான், எவனும் வேலை பார்க்கிற மாதிரி தெரியலையே” என்பது அவர் தீர்ப்பு. எனக்கு அப்படி இல்லை. “1960-ல் நியூயார்க் விளம்பரக் கம்பெனி கதை, ஸ்டெனோ, டைப்பிஸ்ட் எல்லாம் வருகிறார்கள், நீதான் பார்த்துச் சரியா தப்பா சொல்லணும்” என்று நீ சொன்னதில், பரீட்சை பேப்பர் திருத்தக் கொடுத்த வாத்தியார் மாதிரி ஆகிவிட்டேன். பழவந்தாங்கலில் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கியே முப்பது வருஷம் ஓட்டியவள் இல்லையா.

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் எபிசோடில் பெக்கி என்று ஒரு பெண் வேலைக்குச் சேருகிறாள். ஆபீஸ் பெண்களை மேய்க்கிற ஜோன் அவளுக்கு டைப்ரைட்டர் உறையைத் தூக்கிக் காட்டி, பயப்படாதே, பெண்கள்கூட ஓட்டுகிற மாதிரி எளிதாகத்தான் ஆம்பளைகள் செய்து வைத்திருக்கிறார்கள் என்கிற மாதிரி ஒன்று சொல்கிறாள். கதை நடப்பது 1960 மார்ச். உறைக்குள் இருப்பது ஐபிஎம் செலக்ட்ரிக். அது கடைக்கு வந்ததே 1961 ஜூலையில்! நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். அதேதான். நம் மிஷின் மாதிரி அதில் எழுத்துக் கம்பி எழும்பி வந்து அடிக்காது. கோல்ஃப் பந்து அளவில் ஓர் உருண்டை, எல்லா எழுத்தும் அதன் மேலேயே இருக்கும், திரும்பித் திரும்பி அடித்துக்கொண்டு அதுவே நகரும். கேரேஜ் அசையாது. வேகமாக அடித்தால் இரண்டு கம்பி பின்னிக்கொண்டு நிற்குமே, அந்தத் தொல்லை கிடையாது. என் ரெமிங்டனில் வரி முடியப்போகிற நேரத்தில் மணி அடிக்கும், இடது கையால் லீவரைத் தள்ள வேண்டும். அந்த மணிக்காகவே லீவு நாளில் ஆபீசுக்கு வருவேன் என்று அடம் பிடிப்பாய், ஞாபகம் இருக்கிறதா?

பதினாறு மாதம் முந்தி வந்த மிஷின். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஷார்ட்ஹேண்டைப் பற்றி நான் மார்க் போட முடியாது. அங்கே பெரும்பாலும் கிரெக் முறை, நாங்கள் பிட்மேன். பிட்மேனில் பென்சிலை அழுத்தினால் ஒரு எழுத்து, லேசாகத் தொட்டால் வேறு எழுத்து. கிரெக்கில் அந்த அழுத்தக் கணக்கு இல்லை. இன்னொரு குறை, அந்தப் பெண்கள் விரலில் மையே இல்லை. கார்பன் மாற்றுகிற கை அவ்வளவு சுத்தமாக இருக்காது.

சரியாகச் செய்ததைச் சொல்கிறேன். இரண்டாவது சீசன், 1962. ஆபீசுக்கு ஜெராக்ஸ் 914 வருகிறது. ஒன்பதுக்குப் பதினாலு இன்ச் தாள் வரைக்கும் எடுக்கும் என்பதால் அந்த நம்பர். எடை கிட்டத்தட்ட 300 கிலோ. எங்கே வைப்பது என்று ஆளாளுக்கு யோசித்து, கடைசியில் பெக்கி அறையில் கொண்டுபோய் இறக்குகிறார்கள். அவள் அப்போது டைப்பிஸ்ட் இல்லை, விளம்பரம் எழுதுகிறவள். இருந்தாலும் பெண் உட்கார்ந்திருக்கிற அறைதானே! இதை எழுதியவர்கள் ஏதோ ஓர் ஆபீசில் குப்பை கொட்டியிருக்க வேண்டும். எங்கள் ஆபீசிலும் காப்பி எடுக்கிற சைக்ளோஸ்டைல் மிஷின் என் மேஜையை ஒட்டித்தான் இருந்தது. என் புடவை எல்லாவற்றிலும் முந்தானையில் மைக்கறை இருந்ததற்கு அதுதான் காரணம். பெக்கிக்கு வேறு அறை கிடைத்தது அவள் வாய் திறந்து கேட்ட பிறகுதான். யாரும் தானாகக் கொடுக்கவில்லை.

இன்னொரு இடம். அதே சீசனில் ஜோன் கொஞ்ச நாள் டிவி ஸ்கிரிப்ட் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறாள். நன்றாகவே செய்கிறாள். திடீரென்று அந்த வேலைக்கு ஒரு ஆணைப் போட்டுவிட்டு, இவனுக்குச் சொல்லிக்கொடு என்று அவளிடமே விடுகிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே சரி என்கிறாள். ராத்திரி வீட்டில் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொள்கிறாள். உள்ளாடைப் பட்டை அழுந்திய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. ஒரு வசனம் கிடையாது. 92 எபிசோடில் இதற்குத்தான் நான் நூற்றுக்கு நூறு போடுவேன்.

நீ டீம் லீடர் ஆனதை மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெருவில் எட்டு வீட்டுக்கு மைசூர்பாக் கொடுத்தேன். ஸ்டெனோவின் பெண் அமெரிக்காவில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறாள் என்று எதிர்வீட்டு மாமி சொன்னபோது நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன், அவ்வளவு பெருமை. அதை உன் வாயால் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நல்லதையும் நீ சொல்வதில்லை, மற்றதையும் சொல்வதில்லை.

எந்த சீசன் உனக்குப் பிடித்தது என்று கேட்டேன். “கடைசியை மட்டும் மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றாய். அதனால் நானும் கடைசியை இரண்டு தடவை பார்த்தேன்.

1970-ல் அவர்கள் கம்பெனி பெரிய கம்பெனிக்குள் போய்விடுகிறது. ஜோன் அப்போது பங்குதாரர். புது இடத்தில் ஒருத்தன் அவளிடம் அசட்டுத்தனமாக நடந்துகொள்கிறான். மேலே போய்ச் சொன்னால், மேலே இருக்கிறவன் அதற்கும் மேல். சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் போவேன் என்கிறாள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை அது, அதே வருஷம் மார்ச்சில் நியூஸ்வீக் பத்திரிகைப் பெண்கள் 46 பேர் நிஜமாகவே அங்கே புகார் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில், வரவேண்டிய பணத்தில் பாதியை வாங்கிக்கொண்டு போய்விடு என்கிறான் அவன். அவள் போவது அவனுக்குப் பயந்து இல்லை. பழைய கம்பெனி முதலாளி ரோஜர் வந்து, அவள் மேல் அவ்வளவு பிரியம் வைத்திருந்த ரோஜர், வாங்கிக்கொண்டு போய்விடு, வேறு வழி இல்லை என்கிறான். அவள் பையன் போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

வித்யா, உன்னிடம் எதையாவது கையெழுத்துப் போடச் சொன்னால் படிக்காமல் போடாதே. ஒரு காப்பி கையில் வாங்காமல் போடாதே. யார் என்ன சொன்னார், எந்தத் தேதி, யார் கூட இருந்தார், எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வை. பொதுவாகச் சொல்கிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை எனக்குத் தூக்கம் வரவில்லை, பதினொன்றரைக்கு உனக்கு போன் போட்டேன். உனக்கு மத்தியானம் இரண்டு மணி. முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாய். பின்னால் குக்கர் விசில். “வீட்டிலிருந்தே வேலை” என்றாய். அதற்கு முந்தின வாரமும் அப்படியே. நல்லது, வெளியில் அலையாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் எதற்கும் ஒரு காப்பி வைத்துக்கொள்.

கடுகு டப்பா ஞாபகம் இருக்கிறதா? மூடியில் ‘ஜெ’ என்று வெட்டியிருக்கும் எவர்சில்வர் டப்பா. நம் வீட்டில் யாருக்கும் ‘ஜெ’ கிடையாதே, யாரம்மா இது என்று சின்னதில் கேட்பாய். பாத்திரக் கடையில் மாறிவிட்டது என்று சொல்வேன். பொய்.

அது எங்கள் ஆபீசில் இருந்த டைப்பிஸ்ட் பெண்ணுடையது. 1981. அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை, இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அவசர லெட்டர் என்று அவளை ஆறு மணிக்கு மேல் நிறுத்திவைப்பார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் என்னையே பார்த்தாள். அரைகுறையாகச் சொன்னாள். எனக்கு மீதி புரியாமல் இல்லை. “கண்டுக்காம இரும்மா, ஆறு மாசத்தில் அவருக்கே மாற்றல் வந்துடும்” என்றேன். எலுமிச்சைச் சாதம். இன்னும் அந்த வாசனை நினைவிருக்கிறது.

மாற்றல் வரவில்லை. அவள் ஆறு மணிக்கு எழுந்து போக ஆரம்பித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு டிக்டேஷன் கொடுத்தார். அவளை வேலையிலிருந்து நீக்குகிற லெட்டர். என் கை நிற்கவே இல்லை. ஷார்ட்ஹேண்டில் எடுத்தேன், வெளியே வந்து மூன்று கார்பன் வைத்து அடித்தேன். ஒரு பிழை இல்லை. அவள் நாலு மேஜை தள்ளி வேறு எதையோ அடித்துக்கொண்டிருந்தாள்.

லெட்டரை வாங்கி, ஆபீஸ் காப்பியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், “அக்கா, முன்னாடி நான் கொடுத்த கம்ப்ளைன்ட்டுக்கு ஒரு காப்பி கிடைக்குமா?” என்றாள். அவள் எழுத்து மூலமாகக் கொடுத்திருந்தாள், வித்யா. அது என் ஃபைலில்தான் இருந்தது. ஒரு ஜெராக்ஸ் எடுக்க எவ்வளவு நேரம்? ஆபீஸ் விஷயம், கொடுக்க முடியாது என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சரிக்கா என்றாள். கையெழுத்துப் போட்டாள். டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

லெட்டருக்கு வைத்த கார்பன் புதுசு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அவள் பெயரிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்க முடிந்தது. நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அப்போது சட்டம் இல்லை என்று அப்பா சொல்வார். வாஸ்தவம், வேலை பார்க்கிற இடத்தில் பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லையைப் பற்றிய விசாகா தீர்ப்பே 1997-ல்தான் வந்தது. ஃபைல் என் அலமாரியில் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது, அதற்கு எந்தத் தீர்ப்பும் வேண்டியிருக்கவில்லை. உன்னை அப்போது எல்.கே.ஜி.யில் சேர்க்கப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இதை உன் மேல் போடுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்படி எடுத்துக்கொள்ளாதே.

அந்தச் சீரியலைப் பார்க்கும்போது முதல் ஆறு சீசனும் நான் ஜோன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் பேனாவைத் தொங்கவிட்டுக்கொண்டு, எல்லாப் பெண்களையும் அதட்டி மேய்த்துக்கொண்டு. கடைசியில் ரோஜர் வந்து பேசுகிற இடத்தில்தான் தெரிந்தது நான் யார் என்று. அன்றைக்கு டிவியை நிறுத்திவிட்டு அப்பாவிடம் தலைவலி என்று படுத்துவிட்டேன்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கத்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ராயபுரம் விலாசமும் ஃபைலில் இருந்தது. போகவில்லை. அதில் கடுகு போட்டு நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

உன்னிடம் யாராவது ‘கண்டுக்காதே’ என்று சொன்னால் கேட்காதே. நானே சொல்லியிருந்தாலும் கேட்காதே. சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறேன், போன தீபாவளி சமயம், நீ ஏதோ ஆரம்பித்தபோது. சாமான் வாங்கப் போகிற அவசரத்தில் இருந்தேன்.

மணத்தக்காளி வற்றலும் பருப்புப் பொடியும் மாப்பிள்ளையின் அத்தை வரும்போது கொடுத்தனுப்புகிறேன். பொடியை ஃபிரிட்ஜில் வைக்காதே, கட்டி தட்டிவிடும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் செய். நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். விசில் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேசு.

அம்மா