விசா நகல் கேட்காதீர்கள்: அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், நல வாரியத்தில் இருப்பவர்களுக்கும் வணக்கம். டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் யாராவது தமிழ் படிப்பவர் இருந்தால் அவரும் படிக்கட்டும். நான் கேட்கப்போவதில் பாதி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நான் சவூதியில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். இப்போது எங்கள் பக்கத்தில் யாராவது வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் அவர்கள் வீட்டுக்கு மனு எழுதிக் கொடுப்பது, போன் போட்டுக் கேட்பது என்று இருக்கிறேன். அதனால் இதில் எழுதுவது பெரும்பாலும் அந்த மனுக்கள் வழியாகத் தெரிந்துகொண்டதுதான்.

வெளிநாட்டில் ஒருவர் பிடிபட்ட செய்தி வீட்டுக்கு எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எந்த அலுவலகமும் சொல்வதில்லை. அறையில் கூடத் தங்கியிருந்தவர் அனுப்புகிற வாட்ஸ்அப் வாய்ஸ்தான். ஷுர்தா (போலீஸ்) வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது, போன் ஆஃப், அவ்வளவுதான் அதில் இருக்கும். எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு, தர்ஹீலுக்கு, அதாவது நாடுகடத்தும் முகாமுக்கு, கொண்டுபோய்விட்டார்களா என்று அனுப்பியவருக்கே தெரியாது, அவரும் அடுத்து தன்னைப் பிடிப்பார்களோ என்ற பயத்தில் அறையை மாற்றிக்கொண்டு போயிருப்பார். வீட்டம்மா பாஸ்போர்ட் நகலையும் ஏஜென்ட் கொடுத்த துண்டுச் சீட்டையும் ஒரு பாலித்தீன் கவரில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நிற்பார். மனு மாவட்டத்திலிருந்து சென்னை போய், சென்னையிலிருந்து டெல்லி போய், டெல்லியிலிருந்து தூதரகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஆள் ஒன்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பார், இல்லை தண்டனை வாங்கி உள்ளே போயிருப்பார். மனு உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது என்ற கடிதம் மட்டும் தவறாமல் வந்துவிடும்.

என் புகார் இதுதான். உங்கள் உதவி ஆள் விமானத்தில் வந்து இறங்கிய பிறகு தொடங்குகிறது. அவருக்கு அது வேண்டியிருந்தது பிடிபட்ட நாளிலிருந்து விமானம் ஏறும் நாள் வரைக்கும்.

அந்தச் சில நாட்களில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். அரபியிலோ மலாயிலோ எழுதிய காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் சம்பளப் பாக்கி எதுவும் இல்லை என்று இருக்கலாம், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் இருக்கலாம், படிக்கத் தெரியாதவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆறு மாதச் சம்பளம் நிலுவை, வருடக்கணக்கில் உழைத்ததற்கான சர்வீஸ் பணம், கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) பூட்டி வைத்திருக்கும் பாஸ்போர்ட், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவுட்பாஸில், அதாவது பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தூதரகம் தரும் அவசரப் பயணக் காகிதத்தில், ஏறிவிடுகிறார்கள். வந்த பிறகு இங்கிருந்து அந்த நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது சராசரி ஆளால் ஆகிற காரியமா? ஏறுவதற்கு முன்பே ஒரு வக்கீலுக்கோ தூதரகம் சொல்லும் ஆளுக்கோ தன் சார்பில் வழக்கு நடத்தப் பவர் எழுதிக் கொடுத்திருந்தால் பாக்கியைத் துரத்த ஒரு வழியாவது இருந்திருக்கும். அந்தக் காகிதத்தை நீட்டத்தான் அங்கே ஒருவரும் இருப்பதில்லை.

அப்புறம் ஹுரூப். சம்பளம் கேட்டதற்காகவே, ஆள் ஓடிவிட்டான் என்று கஃபீல் எழுதிக் கொடுத்துவிடுவதை சவூதியில் இருந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதன் பிறகு அவர் கையில் இருக்கும் இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, வெறும் பிளாஸ்டிக் அட்டைதான். வீட்டு டிரைவர்கள், வீட்டு வேலைக்குப் போன பெண்கள், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர்கள் பாடு இன்னும் மோசம், அங்குள்ள பொதுவான தொழிலாளர் சட்டமே அவர்களுக்குப் பொருந்தாது.

1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக ஒப்பந்தத்தில் 36வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிடிபட்ட வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தகவல் சொல்ல வேண்டும், இப்படிக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது என்பதையும் பிடித்தவர்களே சொல்ல வேண்டும். நடைமுறையில் கொத்தனார் வேலைக்குப் போனவரிடம் இதை யார் சொல்கிறார்கள்? வெளிநாட்டுச் சிறைகளில் 10,152 இந்தியர்கள் இருப்பதாக 2025இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. பல நாடுகளில் தனியுரிமைச் சட்டம் இருப்பதால், கைதியே சம்மதிக்காவிட்டால் தகவல் கிடைப்பதில்லை என்றும் அரசு தொடர்ந்து சொல்லி வருகிறது. சரி, நியாயமான காரணம்தான். அப்படியென்றால் அந்தச் சம்மதத்தை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று புறப்படுவதற்கு முன்பே கற்றுக்கொடுக்க வேண்டியது உங்கள் வேலை இல்லையா? பயணத்துக்கு முந்தைய பயிற்சியில் அந்த நாட்டுப் பழக்கவழக்கம், உடை, வெயில் என்று ஏகப்பட்டது சொல்கிறீர்கள். பிடிபட்டால் "இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்" என்பதை அரபியிலும் மலாயிலும் மனப்பாடமாகச் சொல்ல வைத்து அனுப்ப அரை மணி நேரம் போதும்.

இனி தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எந்த உதவிக்குப் போனாலும் முதலில் கேட்பது விசா நகல். விசாவும் இக்காமாவும் சரியாக இருப்பவர் பிடிபட்டால் அவர் பக்கம் பேசக் கம்பெனியாவது வரும். கல்லிவல்லியாகிவிட்டவருக்குத்தான், அதாவது செல்லுபடியாகும் காகிதம் இல்லாமல் போனவருக்குத்தான், அரசைத் தவிர ஒருவரும் கிடையாது. அவரிடம் போய் செல்லுபடியாகும் விசா எங்கே என்று கேட்பது, காய்ச்சல் வந்தவனிடம் உடம்பு நன்றாக இருப்பதாகச் சான்றிதழ் வாங்கி வந்தால் மருந்து தருகிறேன் என்பது மாதிரி இருக்கிறது. அவர் ஏன் அப்படி ஆனார் என்றும் பார்க்க வேண்டும். ஃப்ரீ விசா, யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லி இரண்டு லட்சம் வாங்கிய ஏஜென்ட், போய் இறங்கினால் அங்கே வேலையே இல்லை. அல்லது விசிட் விசாவில் அனுப்பி, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் நுழைய அனுமதித்ததும் சில ஏஜென்ட்டுகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது, டிக்கெட் மட்டும் போட்டுக் கொடுத்து பெர்மிட் பின்னால் வரும் என்று அனுப்பிவிடுகிறார்கள். பெர்மிட் எங்கிருந்து வரும்? 31வது நாள் அவர் கோசோங், மலேசியாவில் காகிதம் இல்லாதவரை அப்படித்தான் சொல்வார்கள். காலம் கடந்து தங்கினாலே மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தில் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் அல்லது ஐந்து வருடம் வரை சிறை, இல்லை இரண்டும். அனுமதி இல்லாமல் நுழைந்ததாக 6(3) பிரிவின் கீழ் குற்றம் உறுதியானால் ஆறு வரை ரோத்தான் (பிரம்பு) அடியும் உண்டு. ரோத்தான் அடி வாங்கி வந்தவரை ஒருமுறை பார்த்துவிட்டால் விசா நகல் கேட்க யாருக்கும் நாக்கு வராது.

காப்பீட்டுக் கதையும் இதேதான். மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்சம் காப்பீடு, வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 ரூபாய் வரை உண்டு. நல்ல திட்டம். குடிபெயர்வு அனுமதி வாங்கி முறையாகப் போகிறவருக்குத்தான் அது. விசிட் விசாவில் போனவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

தூதரகங்களில் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. தூதரகத்தில் பாஸ்போர்ட் வேலைக்கும் மற்ற சேவைகளுக்கும் போகிறவர்களிடம் கூடுதலாக வாங்கும் கட்டணத்தில் சேருகிற பணம், அதாவது பெரும்பகுதி இதே தொழிலாளிகளின் பணம். வழக்குச் செலவுக்கும், சிறு அபராதம் கட்டவும், டிக்கெட் எடுக்கவும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், மனைவி தாலியை அடகு வைத்து டிக்கெட் அனுப்பிய வீடுகள் எங்கள் பகுதியில் இருக்கின்றன. உங்கள் ஊராட்சி அலுவலகச் சுவர்களில் எத்தனையோ திட்ட விளம்பரம் இருக்கிறது, இது மட்டும் ஏன் இல்லை?

பொதுமன்னிப்பு வரும் காலங்களில் நீங்கள் செய்யக்கூடியது இன்னும் அதிகம். 2013இல் சவூதியில் நிதாகாத் (கம்பெனிகள் உள்நாட்டவரை வேலைக்கு வைக்க வேண்டும் என்ற விதி) வந்தபோது, காகிதத்தைச் சரிசெய்ய அல்லது வெளியேற ஜூலையோடு முடிய வேண்டிய கெடுவை நவம்பர் 3 வரை நீட்டினார்கள், லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் திரும்பினார்கள். 2024இல் குவைத்தில் மார்ச் முதல் ஜூன் வரை, ஐக்கிய அரபு அமீரகத்தில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, மலேசியாவில் மார்ச் முதல் டிசம்பர் வரை வாய்ப்புக் கொடுத்தார்கள். அமீரகத்தில் காலம் கடந்து தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம், ஒரு வருடத்துக்கே 18,250 திர்ஹம், நம் பணத்தில் நாலு லட்சத்தைத் தாண்டும். அந்த நாலு மாதத்தில் வெளியேறியவர்களுக்கு அபராதமும் இல்லை, மீண்டும் வரத் தடையும் இல்லை. இப்படி ஒரு கதவு திறந்திருக்கும்போது நம் ஊர்களில் தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருக்க வேண்டாமா? சொந்தக்காரர்கள் மூலம்தான் ஒளிந்திருப்பவருக்குச் செய்தி போகும். அவர் தூதரகத்தின் ட்விட்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். செய்தி போனாலும் டிக்கெட்டுக்குக் காசு இல்லாமல் கெடு முடிந்துபோன ஆட்கள் உண்டு.

அரசால் முடியாது என்று நான் சொல்லமாட்டேன். 2024 செப்டம்பரில் ஈரானில் வேலை பார்த்த இடிந்தகரை மீனவர்கள் 28 பேரை எல்லை தாண்டியதாக பஹ்ரைன் பிடித்தது. ஆறு மாதத் தண்டனை மூன்றாகக் குறைந்து, டிசம்பரில் ஊர் வந்து சேர்ந்தார்கள். அது பத்திரிகையில் வந்தது, 28 பேர் ஒரே இடத்துக்காரர்கள், கேட்க ஆட்கள் இருந்தார்கள். தனியாகப் போய்த் தனியாகப் பிடிபடும் பெயின்டருக்கு அப்படிச் சங்கமும் கிடையாது, செய்தியும் கிடையாது. அவருக்கும் அதே வேகம் கிடைக்க வேண்டும் என்பதுதான் கேட்பது.

கேட்பவை பெரிதாக ஒன்றும் இல்லை. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் தமிழ் பேசத் தெரிந்த ஆளோடு கூடிய வக்கீல்களை நீங்களே அமர்த்துங்கள். கேரளம் நோர்கா என்ற தன் வெளிநாடுவாழ் கேரளத்தவர் துறை மூலம் சட்ட உதவிக்கு ஆள் வைத்திருக்கிறது, போய்ப் பார்த்து வாருங்கள், அண்டை வீட்டில் கற்றுக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல். மாவட்டத்துக்கு ஓர் அலுவலரை இதற்கென்றே நியமித்து, மனுவைச் சென்னை வழியாகச் சுற்றவிடாமல் அன்றைக்கே வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்தில் பதிவு செய்து தூதரகத்துக்கு நேராகப் பேச அதிகாரம் கொடுங்கள். பாஸ்போர்ட் எண்ணும் குடும்ப அட்டையும் போதும் என்று உதவிப் படிவத்தை மாற்றுங்கள். திருப்பி அனுப்பப்பட்டவர் கொடுக்கும் ஏஜென்ட் புகாரை எந்தக் காவல் நிலையமும் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதிவு பெற்ற ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது என்று விதி இருக்கும்போது, பதிவே இல்லாத ஆள் இரண்டு லட்சம் வாங்கியது எப்படிக் கொடுக்கல் வாங்கல் ஆகும்?

வருடாவருடம் ஜனவரி 12இல் அயலகத் தமிழர் தினம் நடத்துகிறீர்கள். தொழிலதிபர்கள் வருகிறார்கள், வரட்டும், நல்லதுதான். அடுத்த முறை அவுட்பாஸில் வந்தவர்களுக்கும் ஓர் அமர்வு ஒதுக்குங்கள். தர்ஹீலிலிருந்தும் மலேசிய டிப்போவிலிருந்தும் (தடுப்பு முகாம்) வந்த ஆட்களை நாங்களே அழைத்து வருகிறோம், பஸ் காசுகூட வேண்டாம். கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் அதிகாரி மட்டும் கடைசி வரை மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.