கிட்னி தானம் பத்தி பேச டயாலிசிஸ் வரைக்கும் காத்திருக்க வேணாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உறுப்பு தானம் பத்தி உங்க பேப்பர்ல அப்பப்ப செய்தி வருது, நல்ல விஷயம். ஆனா பெரும்பாலும் மூளைச்சாவு அடைஞ்சவங்க தானம் பத்தி தான் வருது. உயிரோட இருக்கற ஒருத்தர் ஒரு கிட்னிய குடுக்கலாம், அதுல என்ன நடக்கும், என்ன ஆபத்து, இதெல்லாம் யாரும் உட்கார வச்சு சொல்றதில்ல. எங்க குடும்பத்துல ஒருத்தர் டயாலிசிஸ்ல இருக்கார், அதனால தான் எழுதறேன்.

நிறைய பேர் டயாலிசிஸ் பண்ணி பார்த்து அதுவும் ஒத்து வரலன்னா தான் கிட்னி மாத்தற ஆபரேஷன்னு நினைச்சுட்டு இருக்காங்க. அப்படி இல்லங்க. கிட்னி வேலை செய்யற அளவு 20 சதவீதத்துக்கு கீழ போகும்போதே ஏற்பாடு ஆரம்பிக்கலாம், டோனர் தயாரா இருந்தா டயாலிசிஸ் பக்கமே போகாம நேரா டிரான்ஸ்பிளான்ட் பண்ணிடலாம், டயாலிசிஸ்ல வருஷம் கூட கூட அப்புறம் மாத்தற கிட்னி நல்லா நிலைக்கற வாய்ப்பு குறையுதுன்னு ஆராய்ச்சியிலயே வந்திருக்கு. ஆனா இந்த பேச்சு எப்ப வருது? கையில ஃபிஸ்துலா (டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ரத்தக்குழாய்கள இணைக்கற ஆபரேஷன்) போட்டு மிஷின்ல படுத்ததுக்கு அப்புறம் தான். கிட்னி நோயோட நாலாவது ஸ்டேஜ்லயே, அதாவது கிட்னி முழுசா செயலிழக்கறதுக்கு முந்தின கட்டத்துலயே, குடும்பத்தையும் கூப்பிட்டு வச்சு சொல்லிருந்தா எத்தனை பேருக்கு வழி வேற மாதிரி இருந்திருக்கும்.

இன்னொரு பெரிய தடை, கேக்கறது. தம்பி கிட்டயோ பெத்த பொண்ணு கிட்டயோ "உன் கிட்னி ஒன்னு குடு"ன்னு எந்த மனுஷனுக்கு வாய் வரும்? கேக்க முடியாம அப்படியே இருந்துடறாங்க, சுத்தி இருக்கறவங்களும் அவரே ஒன்னும் சொல்லலியே, டாக்டர் பார்த்துப்பார்னு இருந்துடறாங்க. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில இதுக்கு ஒரு வழி பண்ணாங்க, நோயாளிக்கு வேண்டியவர் ஒருத்தருக்கு டிரெயினிங் குடுத்து அவர நாலு பேர் கிட்ட நிலைமைய எடுத்து சொல்ல வச்சாங்க. எனக்கு இது ரொம்ப சரின்னு படுது, ஏன்னா விஷயம் தெரிஞ்சா தானே குடுக்க மனசு இருக்கறவங்க தானா முன்னால வருவாங்க.

ஒரு கிட்னியோட வாழ முடியுமாங்கற பயம் எல்லாருக்கும் இருக்கு. 1954ல பாஸ்டன்ல டாக்டர் ஜோசப் முர்ரே டீம் பண்ண முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷன்ல, ரொனால்ட் ஹெரிக்னு ஒருத்தர் தன்னோட இரட்டை சகோதரருக்கு கிட்னி குடுத்தார். குடுத்த ரொனால்ட் 2010 வரைக்கும், அதாவது அதுக்கப்புறம் 56 வருஷம் இருந்தார். மிச்சம் இருக்கற கிட்னி கொஞ்சம் பெருசாகி கூடுதல் வேலைய எடுத்துக்கும். இப்பல்லாம் லேப்ராஸ்கோபி (சின்ன துளை போட்டு கேமரா வழியா பண்ற ஆபரேஷன்) தான், ஒரு சில நாள்ல வீட்டுக்கு வந்துடலாம், நாலு முதல் ஆறு வாரத்துல பெரும்பாலானவங்க பழைய வேலைக்கு திரும்பிடறாங்க. கிட்னி வாங்கினவர் தான் காலம் பூரா எதிர்ப்பு சக்திய அடக்கற மாத்திர சாப்பிடணும், குடுத்தவருக்கு அது கிடையாது.

ஆனா ஆபத்தே இல்லன்னு சொல்லி யாரையும் சம்மதிக்க வைக்கவே கூடாது. 1994லேர்ந்து 2009 வரைக்குமான அமெரிக்க கணக்குப்படி பத்தாயிரம் டோனர்ல சுமார் 3 பேர் ஆபரேஷன ஒட்டி இறந்திருக்காங்க. பின்னாடி டோனருக்கே கிட்னி ஃபெயிலியர் வர்ற வாய்ப்பு, அதே அளவு ஆரோக்கியமா இருந்து குடுக்காதவங்கள விட கொஞ்சம் கூட, ஆனா மொத்தத்துல நூத்துல ஒருத்தருக்கும் குறைவு தான். கிட்னி குடுத்த பொண்ணுங்களுக்கு அப்புறம் கர்ப்பமாகும்போது பிபி ஏறற வாய்ப்பும் கூடுது, இனிமே குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கற பொண்ணு கிட்ட இத மறைச்சு கையெழுத்து வாங்கினா அது அநியாயம். டோனர் வருஷா வருஷம் பிபி, யூரின், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) செக் பண்ணிக்கணும், வலி மாத்திரைய இஷ்டத்துக்கு முழுங்க கூடாது.

நிறைய நாடுகள்ல கிட்னி குடுக்கறவங்கள்ல பெண்கள் அதிகம், வாங்கறவங்கள்ல ஆண்கள் அதிகம். பாசத்துல குடுக்கறாங்களா, வேற வழி இல்லாம குடுக்கறாங்களான்னு தனியா உட்கார வச்சு கேக்கணும், குடும்பம் பக்கத்துல இல்லாம. ஆபரேஷன் தியேட்டருக்கு போற கடைசி நிமிஷம் வரைக்கும் வேணாம்னு சொல்ற உரிமை டோனருக்கு இருக்கு. வெளிய காரணம் சொல்லாம மருத்துவ ரீதியா பொருந்தலன்னு மட்டும் சொல்லி டோனர காப்பாத்தற ஆஸ்பத்திரிகளும் இருக்கு. இது தெரிஞ்சாலே பாதி பேர் தைரியமா டெஸ்டுக்கு வருவாங்க.

பிளட் குரூப் சேரலன்னா கதை முடிஞ்சதுன்னு இல்ல. இதே மாதிரி சேராத இன்னொரு ஜோடியோட மாத்திக்கற ஸ்வாப் முறை இருக்கு, சில இடத்துல குரூப் சேராமலே பண்றாங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள கூட குடுக்கலாம், ரத்த சொந்தமா தான் இருக்கணும்னு மருத்துவ ரீதியா கட்டாயம் இல்ல.

அதனால உங்க பேப்பர்ல வாரம் ஒரு கேள்வி பதில் பகுதி ஆரம்பிங்க சார். நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர், மட்டும் பேசினா போதாது, கிட்னி குடுத்து பத்து வருஷம் ஆனவங்க பேசணும், யோசிச்சு பார்த்து வேணாம்னு முடிவு பண்ணவங்களும் பேர் போடாம பேசணும்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி குடும்பத்து வாசகர்