மந்திரத்தை விதியாக்குவது நகலெடுக்கும் வேலை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். தமிழ் நாளேடு ஒன்று இந்த ஆட்டத்துக்கு இடம் ஒதுக்கியதே பெரிது என்பதால், குறை சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், மாயக் கதையில் வரும் மந்திரம் ஒன்றை ஆட்டத்துக்குள் கொண்டுவர விரும்புகிறவர்கள், கதையில் அது என்ன செய்கிறதோ அதை அப்படியே விதியாக எழுதிக்கொண்டால் போதும் என்று கட்டுரையாளர் ஓரிடத்தில் கூறியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சில ஆண்டுகளாக நண்பர்களுக்கு ஆட்டம் நடத்தி வருகிறேன்; அதாவது, கதையைச் சொல்லி, வில்லன்களை இயக்கி, விதிகளைத் தீர்மானிப்பவன் நான். அதே வழியில் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவனும்கூட.

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்ததான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்தது. அதன் மந்திர முறைக்கு ஊற்றுக்கண், ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் ‘தி டையிங் எர்த்’ என்னும் 1950-ஆம் ஆண்டுக் கதைத்தொகுப்பு. 1979-இல் கைகாக்ஸ் எழுதிய ஆட்ட நடத்துநர் கையேட்டின் பின்னிணைப்பில் வான்ஸின் பெயர் வெளிப்படையாகவே இருக்கிறது. சூரியன் அணையப்போகும் கடைக்காலத்தில் நடக்கும் அந்தக் கதைகளில், பழைய மந்திரங்களுள் நூறு சொச்சமே எஞ்சியிருக்கின்றன. மந்திரவாதி ஏட்டைத் திறந்து அவற்றைத் தன் மூளைக்குள் வலிந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை சொல்லி ஏவிவிட்டால் அந்த மந்திரம் நினைவிலிருந்து அழிந்துபோகும். மசீரியன் என்ற பெரிய மந்திரவாதிகூடக் காட்டுக்குள் ஒரு பெண்ணைத் துரத்திப் புறப்படும்போது, அரும்பாடுபட்டு ஐந்து மந்திரங்களை மட்டுமே மனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறான்.

அந்த ஐந்தில் ஒன்று பல நிறத் தீக்கோடுகளைப் பாய்ச்சி எதிரியைத் துளைத்தெடுக்கும் மந்திரம். அது ‘பிரிஸ்மாட்டிக் ஸ்ப்ரே’ என்ற பெயரில் இன்றுவரை ஆட்டத்தில் இருக்கிறது. ஆனால் பெயரும் நிறங்களும் தவிர மற்றதெல்லாம் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் புதிதாகச் செய்துகொண்டவை. 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொண்டால், அது அறுபது அடி நீளத்துக்குக் கூம்பு வடிவில் விரியும். அதற்குள் அகப்பட்ட ஒவ்வொருவருக்கும் எட்டு முகப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். சிவப்பு விழுந்தால் நெருப்பு, பச்சை விழுந்தால் நஞ்சு, கருநீலம் விழுந்தால் மெல்ல மெல்லக் கல்லாகிப்போகும் அபாயம், ஊதா விழுந்தால் வேறோர் உலகத்துக்கே தூக்கியெறியப்படும் அபாயம், எட்டு விழுந்தால் இரண்டு நிறங்கள் ஒருசேர. கதையில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, தேவையும் இல்லை. எதிரி எத்தனை அடி தொலைவில் நின்றான், நண்பன் குறுக்கே வந்தால் என்ன ஆகும், விலகித் தப்ப முடியுமா என்றெல்லாம் வாசகன் கேட்பதில்லை. மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் முதல் நிமிடத்திலேயே கேட்பார்கள்.

இங்கே கவனிக்கத் தக்கது வேறொன்று. மந்திரத்தின் விளைவை இவ்வளவு தாராளமாக மாற்றியவர்கள், ஏவியதும் மறந்துபோகும் என்ற தடையை மட்டும் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1974-ஆம் ஆண்டு விதியின்படி, அனுபவத்தில் முதல் நிலையில் இருக்கும் மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம்தான். அதைக் காலையிலேயே தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். தவறான ஒன்றைத் தேர்ந்திருந்தால் அன்று முழுவதும் கையில் ஒரு கத்தியோடு அலைய வேண்டியதுதான். கதையில் மந்திரவாதி தனி ஆள். மேசையிலோ அவனுக்குப் பக்கத்தில் வாள்வீரனும் திருடனும் பூசாரியும் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். மந்திரவாதியின் கை ஓயாதென்றால் அவர்களுக்கு வேலையே இல்லை. வான்ஸிடம் கதைச்சுவையாக இருந்த மறதி, ஆட்டத்தில் எல்லோருக்கும் பந்தியில் இடம் கிடைக்கச் செய்யும் ஏற்பாடாக மாறியது. பிந்தைய பதிப்புகள் இந்த மறதியைப் பெருமளவு தளர்த்திவிட்டன என்பது உண்மைதான். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

என் அனுபவத்துக்கு வருகிறேன். வான்ஸின் மற்றொரு மந்திரம், எதிரியைப் பூமிக்கு அடியில் நாற்பத்தைந்து மைல் ஆழத்தில் ஒரு சிறு துளைக்குள் அடைத்துவிடும். படித்த உற்சாகத்தில் அதைக் கதையில் இருந்தபடியே விதியாக எழுதி, ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவின் மந்திரவாதியிடம் கொடுத்தேன். ஆறு வாரமாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த வில்லன், கோட்டைக் கதவைத் திறந்து பேச வாயெடுத்த முதல் சுற்றிலேயே நாற்பத்தைந்து மைல் கீழே போய்விட்டான். மற்ற நால்வரும் பகடையைத் தொடவே இல்லை. சிரித்தார்கள்; பிறகு என்ன செய்வதென்று என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் 1978-ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டைப் புரட்டி, இதற்கு நிகரான மந்திரத்தை அதை உருவாக்கியவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அது மந்திரங்களின் வரிசையில் ஒன்பதாம் நிலையில், அதாவது உச்சியில் இருக்கிறது. எதிரியைக் கையால் தொட்டால்தான் பலிக்கும். மெலிந்த உடம்போடு, கவசம் ஏதுமின்றி, வாள்வீச்சுக்கு எட்டும் தூரத்துக்கு மந்திரவாதி நடந்து போயாக வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையால் மற்ற நால்வருக்கும் வேலை வந்துவிடுகிறது: ஒருவர் கேடயம் பிடிக்க வேண்டும், ஒருவர் காவலரைத் திசைதிருப்ப வேண்டும். நாற்பத்தைந்து மைல் என்ற எண்ணை அவர்கள் எழுதவே இல்லை. வெகு ஆழத்தில் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் ஆசையோடு பிடித்துக்கொண்டது ஆட்டத்துக்கு உதவாத அந்த எண்ணைத்தான்.

தோல்வியையும் அவர்கள் வீணாக்கவில்லை. வான்ஸ் 1966-இல் வெளியிட்ட நூலில் வரும் குகல் என்ற எத்தன், இதே மந்திரத்தைத் தன் பகைவன் மீது ஏவும்போது உச்சரிப்பைப் பிறழவிட, அது தலைகீழாகப் பலித்து, முன்பு அடைபட்டவர்கள் எல்லோரும் நிலத்துக்கு மேலே வந்து விழுகிறார்கள். 1978-ஆம் ஆண்டு விதிகளில், அனுபவத்தில் பத்தாம் நிலையை எட்டிய திருடன் மந்திரச் சுருளை வாசிக்கலாம். ஆனால் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு அவன் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும், உச்சரிப்புப் பிசகினால் மந்திரம் எதிர்மாறாகப் பலிக்கவும் கூடும் என்று இருக்கிறது. குகலைப் படித்தவர்களுக்கு இந்த விதியில் அவன் முகம் தெரியும். ஒரு பாத்திரத்தின் அசட்டுத் துணிச்சலை இவ்வளவு சுருக்கமாக விதியில் பிடித்துவைத்த இடம் வேறொன்றை நான் கண்டதில்லை.

மறக்கும் மந்திரம் நமக்குப் புதியதல்ல என்பதையும் கட்டுரையாளர் நினைவில் கொண்டிருக்கலாம். உற்ற வேளையில் மந்திரம் மறந்துபோகும் என்று பரசுராமர் கர்ணனுக்கு இட்ட சாபமும், நாகக்கணையை மறுமுறை தொடுக்காதே என்று வில்லிபாரதத்தில் குந்தி பெற்ற வரமும் நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தவை. இரண்டாவதை விதியாக்குவது எளிது. ஒருமுறை மட்டும் என்று எழுதினால் முடிந்தது. முதலாவதுதான் என்னைப் பல வாரம் அலைக்கழித்தது. எங்கள் குழுவின் வீரனுக்கு மந்திர அம்பு ஒன்றைக் கொடுத்து, அதை ஏவும்போது இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் மந்திரம் மறந்துபோகும் என்று முதலில் வைத்தேன். அவனுக்கு அது நிலவறையில் ஒரு பெருச்சாளியை எதிர்த்து நின்றபோது மறந்தது. அது சாபமாக இல்லை, வெறும் துரதிர்ஷ்டமாக இருந்தது.

இப்போது வேறு முறை வைத்திருக்கிறோம். அவன் அந்த அம்பை ஏவும் ஒவ்வொரு முறையும் ஒரு புளியங்கொட்டையை என் முன்னால் வைக்க வேண்டும். ஐந்து சேர்ந்த பிறகு, எந்தச் சண்டையில் வேண்டுமானாலும் அவற்றைத் தள்ளிவிட்டு, ‘மறந்துவிட்டது’ என்று நான் ஒருமுறை சொல்லலாம். எப்போது சொல்வேன் என்பது அவனுக்குத் தெரியாது. சென்ற வாரம் நான்கு கொட்டைகள் சேர்ந்திருந்தன. அவன் அவற்றைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாளை உருவினான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.