முறைப்பாடு: உங்கள் நாய்ச் சக்கர வண்டியின் வலப்பக்கக் குழாய்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். பின்னங்கால் பலமிழந்த எங்கள் நாய் ரோசியை நடக்க வைக்க, பெப்ரவரி 11ஆம் திகதி உங்களிடம் வாங்கிய நடுத்தர அளவுப் பின்கால் சக்கர வண்டி பற்றி ஏழு தடவை போன் எடுத்து, நான்கு தடவை வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, ஒரு தடவை நேரிலும் வந்தாகிவிட்டது. இனிக் கதைக்கத் தெம்பில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

பெரிய பிழை ஒன்றுதான். வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வலப்பக்கக் குழாயில், அதை அசையாமல் பூட்டும் ஸ்பிரிங் பட்டன் வந்து விழும் நான்காவது ஓட்டை வட்டமாக இல்லை, நீண்டு போயிருக்கிறது. வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 26 கிலோ நாயை ஏற்றிப் பத்து அடி நடக்க விட்டால் பட்டன் 'டக்' என்று உள்ளே போகும், குழாய் இரண்டு சென்ரிமீற்றர் இறங்கும், வண்டி வலப்பக்கம் சாயும். ரோசியின் வலது பாதம் மடிந்து அதன் மேற்புறம் சீமெந்தில் தேயும். பின்னங்காலில் உணர்ச்சி குறைந்த நாய்க்குத் தோல் உரிவது தெரியாது, கத்தவும் மாட்டாது. நிலத்தில் இரத்தக் கோடு விழுந்த பிறகுதான் நாங்களே கண்டோம். குழாயில் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கியும் பார்த்தாயிற்று. பதினைந்து நிமிடம் தாங்கும், பிறகு அதுவும் வழுக்கும்.

"அளவு பிழையாக எடுத்திருப்பீங்கள்" என்றார் உங்கள் ஊழியர் ஒருவர். அளவு பிழையில்லை. வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்து ஒருவர் தாங்கிப் பிடிக்க, நாய் நான்கு காலிலும் நேராக நிற்கும்போது, பின்தொடை வயிற்றோடு சேரும் மடிப்பில் இருந்து நிலம் வரை அளந்தது. படுத்திருக்கும் நாயை அளந்தால்தான் அளவு பிழையாகலாம். இன்னொருவர் சக்கரத்தின் அச்சை முன்னே தள்ளச் சொன்னார். அச்சை முன்னே தள்ளினால் தோளில் விழும் பாரம் குறையும். ஒரு பக்கக் குழாய் இறங்குவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? உங்கள் சாமான் உங்களுக்கே தெரியாதா?

பேலியகொடை ஸ்டோருக்கு வந்த நாளை மறக்க ஏலாது. "நாயையும் கொண்டு வாங்கோ, ரெக்னிசியன் பொருத்தித் தருவார்" என்று சொன்னது உங்கள் ஆள்தான். 13 வயது நாயை ஏப்ரல் வெயிலில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, ஓட்டோவில் கொண்டு வந்தோம். காவலாளி நாயை உள்ளே விடவில்லை. ரெக்னிசியன் லீவு. ஒரு மணி நாற்பது நிமிடம் கேற்றடியில் நின்றோம். நாய்க்கு எங்களைப் போல வேர்த்துச் சூடு ஆறாது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் ஆற வேண்டும். வயசான நாய்க்கு அதற்கும் பலம் போதாது. நாக்கு கடும் சிவப்பாகி, எச்சில் நூலாக வடிந்தது. தண்ணீர் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: "கிழட்டு நாய் தானே, இன்னும் எத்தனை நாளைக்கு? கால் நோவெண்டால் ஐபுபுரூபன் அரைக் குளிசை குடுங்கோ."

அந்த ஆளை முதலில் கவுண்டரில் இருந்து எடுங்கள். ஐபுபுரூபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயசான நாய் வைத்திருக்கிற இன்னும் எத்தனை பேருக்கு இதே வாய் இதே மருந்தைச் சொல்லியிருக்கும்?

நாயின் பின்தொடையைத் தாங்கும் ஸ்பொஞ்சு வளையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பொஞ்சுக்கு மாற்று உறை ஒன்று இருப்பதாகப் பெட்டிப் படத்தில் காட்டியிருக்கிறீர்கள், உள்ளே இல்லை. சிறுநீர் சொட்டுகிற நாய்க்கு ஒரே உறை எப்படிக் காணும்? கழுவினால் கொழும்புப் புழுக்கத்தில் இரண்டு நாளாகியும் காயாது. ஈரத்தோடு போட்டால் கவட்டுத் தோல் பொக்களிக்கும்.

வண்டி 48,500 ரூபா. போனது அது மட்டுமில்லை, பத்துக் கிழமை போயிருக்கிறது. ரோசியின் தொடைச் சதை வற்றி எலும்பு கையில் தட்டுப்படுகிறது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், இரவிலும் எழும்பி, மறுபக்கம் புரட்டிப் போட வேண்டும், விட்டால் முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் புண் வந்துவிடும். அந்த நாய்க்கு மிச்சமிருந்த நடை முழுவதையும் நீங்கள் பறித்துவிட்டீர்கள். எந்தக் காசும் இதற்கு ஈடாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் மரியாதையாகத்தான் கேட்கிறேன். வலப்பக்க வெளிக்குழாய், உள்குழாய், ஸ்பிரிங் பட்டன் மூன்றையும் ஒரு செட்டாக மாற்றித் தாருங்கள். வெளிக்குழாயை மட்டும் தந்தால் தேய்ந்த பட்டன் புதிய ஓட்டையையும் அரித்துவிடும். அனுப்ப முன்னர் 30 கிலோ அரிசி மூட்டையை ஏற்றிக் கட்டி, நூறு அடி தள்ளிப் பாருங்கள். மாற்று உறையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஏழு நாள் தருகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். எனக்கு மே 11 வரை நேரம் இருக்கிறது. அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போனும் எடுப்பேன். பில், படங்கள், பட்டன் உள்ளே போகிற வீடியோ எல்லாம் தயாராக இருக்கின்றன. அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று தயவாகக் கேட்கிறேன்.

குழாயைக் கூரியரில் அனுப்பினால் போதும். அலன் கீ என்னிடம் இருக்கிறது, நானே பூட்டிக்கொள்வேன். நாயை இனி உங்கள் கேற்றடிக்குக் கொண்டு வர மாட்டேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்