பட்டறைக்குள் வந்தால் சரியாகிவிடுகிற வண்டி

டிம்மின்ஸ், ஒண்டாரியோ
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லாரும் நலம்தானுங்களே. போன வாரம் போனில் "சக்கரமே இல்லாத வண்டியில என்னடா ரிப்பேரு" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கி, சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று ஆரம்பித்து, அந்தப் பேச்சு அப்படியே போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். தம்பியிடம் பெரிய எழுத்தாகப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

இந்த ஊர் டொராண்டோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர். தங்கச் சுரங்க ஊர். ஜனவரியில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், வெளியே வந்து மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கிற முடி விறைப்பது தெரியும். ஸ்பேனரை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், முதல் வருஷம் ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே பனி கொட்டிவிட்டால் சனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள் என்றுதான் நானும் நினைத்து வந்தேன். நடப்பது நேர்மாறு. பனிக்காகவே காத்திருந்த மாதிரி ஆளாளுக்கு ஸ்னோமொபைலை வெளியே எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்ட சக்கரமில்லாத பனி வண்டி அதுதான், இங்கே அதை ஸ்லெட் என்பார்கள். இந்த மாகாணத்தில் மட்டும் அதற்கென்று கிளப்காரர்கள் பனியை இறுக்கிச் சமன் செய்து வைத்திருக்கிற காட்டுப் பாதை 30,000 கிலோமீட்டருக்கு மேல்.

வண்டி எப்படி இருக்கும் என்றால், முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் புல்டோசருக்கு இருப்பதுபோல் ஒரே ஒரு அகலமான ரப்பர் டிராக், நடுவில் எஞ்சின், பைக் மாதிரி சீட்டும் ஹேண்டில்பாரும். ஆக்சிலேட்டரை முறுக்குவதில்லை, வலது கட்டைவிரலால் அழுத்துவது. இதை ஒரு பட்டறைக்காரர்தான் பெரிய தொழிலாக ஆக்கினார் என்பது உங்களுக்குப் பிடிக்கும். கியூபெக்கில் வால்கூர் என்ற ஊரில் கராஜ் வைத்திருந்த ஜோசப் அர்மான் பாம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயதுப் பையனுக்குக் குடல்வால் நோய் முற்றிவிட்டது, பனியில் பாதை மூடிக்கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பையன் இறந்துவிட்டான். அதற்கப்புறமும் மனுஷன் விடவில்லை. 1937இல் ஏழு பேர் உட்காருகிற பனி வண்டி, 1959இல் ஓரிருவர் போகிற சின்ன ஸ்கீ-டூ. இப்போது ஊருக்கு ஊர் ஓடுவதெல்லாம் அந்தச் சின்ன வண்டியின் வாரிசுகள்தான்.

ரொம்ப காலம் எல்லாம் டூ ஸ்ட்ரோக்தான், இன்றைக்கும் அதுதான் நிறைய. ஆனால் எங்கள் பட்டறைக்கு இந்த சீசனில் அதிகம் வருவது, புகை வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற டர்போ வைத்த ஃபோர் ஸ்ட்ரோக். ஒரு லிட்டர்கூட நிறையாத மூன்று சிலிண்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன். அங்கே நம்ம பட்டறை வாசலில் நிற்கிற லாரி எத்தனை டன் ஏற்றிக்கொண்டு அந்த அளவு திறனில் மலை ஏறுகிறது, இங்கே அதைத் தூக்கி 300 கிலோ சொச்சம் எடையுள்ள வண்டியில் வைத்து மேலே ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை, இங்கே காட்டுப் பாதையில் சட்டப்படி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்தான். அதை யார் கேட்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கியர் கிடையாது. தங்கச்சியின் ஸ்கூட்டியில் இருக்கிற அதே பெல்ட், அதே வேரியேட்டர், கொஞ்சம் பெரிய சைஸ். முன் கிளட்சுக்குள் வெயிட்டுகள் இருக்கும், ஆர்பிஎம் ஏற ஏற அவை விரிந்து புல்லியை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிக்கப் இல்லை என்று ஒருத்தர் வந்து நின்றால் லாரியில் நாம் காற்று, டீசல், டர்போ என்று போவோம், இங்கே அதற்கு முன்னால் இந்த பெல்ட்டும் கிளட்சும் குறுக்கே நிற்கின்றன. எஞ்சின் ஒழுங்காக இருந்தும், வெயிட் அதிகமாகப் போட்டிருந்தால் டர்போ சுற்றத் தொடங்குவதற்குள் கிளட்ச் எஞ்சினை அமுக்கிவிடும். பெல்ட் வழுக்கினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது. இரண்டையும் ஓட்டுகிறவர் ஒரே வார்த்தையில் லேக், அதாவது தாமதம், என்றுதான் சொல்வார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெரியவர் டிரெய்லரில் ஸ்லெட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டைவிரலை அழுத்தினால் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே நடப்பதில்லை, அப்புறம் முதுகில் உதைத்த மாதிரி பாய்கிறது, ஏரியைக் கடக்கும்போது பரவாயில்லை, காட்டுக்குள் வளைவில் அப்படிப் பாய்ந்தால் மரத்தில்தான் போய் நிற்பேன் என்றார். டர்போ என்றால் கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்யும், அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இவர் இதே வண்டியை மூன்று வருஷமாக ஓட்டுகிறார், அவர் விரலுக்குப் புதுசாக ஒன்று தெரிகிறது என்றால் புதுசாக ஏதோ இருக்கிறது.

பட்டறைக்குள் ஹீட்டர் போட்டு 18 டிகிரி. டிராக்கைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து ரேஸ் கொடுத்தேன், சுத்தமாக ஏறியது. பெல்ட்டைக் கழற்றினேன், பக்கவாட்டில் கொஞ்சம் பளபளப்பு இருந்தது. நான் இதுதான் என்று முடிவுகட்டி, 200 டாலருக்கு மேல் விலையுள்ள புது பெல்ட்டைப் போட்டு அனுப்பினேன். இரண்டாம் நாள் வண்டி திரும்பி வந்துவிட்டது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, பழைய பெல்ட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலாம்.

அப்புறம் நீங்கள் சொல்லிக்கொடுத்த வரிசையில் போனேன். டர்போவிலிருந்து த்ராட்டில் பாடி வரைக்கும் இருக்கிற ஹோஸ், கிளிப் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், காற்று கசிகிற இடத்தில் எண்ணெய்க் கறை காட்டிக்கொடுக்கும் என்பீர்களே, அப்படி எதுவும் இல்லை. பிவிசி மூடியில் டயர் வால்வைப் பொருத்தி நீங்கள் செய்து வைத்திருக்கிற மாதிரியே ஒன்று இங்கேயும் செய்து வைத்திருக்கிறேன், அதைப் போட்டு காற்றடைத்து சோப்புத் தண்ணீர் தெளித்தேன், ஒரு குமிழிகூட இல்லை. அதிகப்படியான புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடுகிற வேஸ்ட்கேட்டின் கம்பியைக் கைப்பம்பால் இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. சைலன்சர் பக்கம், டர்போவுக்கு முன்னால் இருக்கிற ஜாயிண்டில் கரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்தேன், அங்கே புகை கசிந்தால் டர்போவைச் சுற்ற வேண்டிய வேகம் வெளியே போய்விடும், அதுவும் இல்லை. பிளக் இடைவெளி, பெட்ரோல் பிரஷர், த்ராட்டில் கேபிள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது வரைக்கும் சரி. எண்ணெய் மூடியைத் திறந்தபோது அடியில் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஹெட் கேஸ்கெட்டோ என்று ஒரு நிமிஷம் பகீரென்றது, கூலன்ட் அளவு குறையவில்லை, துடைத்துவிட்டு மூடிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவரைப் போனில் கூப்பிட்டு உட்கார்ந்து பேசினேன், இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கிளம்பியதும் நன்றாகத்தான் ஓடும், முக்கால் மணி நேரம் போனதும் தொல்லை ஆரம்பிக்கும் என்றார். அப்புறம் பேச்சோடு பேச்சாக, காபி குடிக்க இருபது நிமிஷம் நிறுத்திவிட்டு எடுத்தால் கொஞ்ச தூரத்துக்குச் சரியாகிவிடும், மறுபடி வரும் என்றார். பெட்ரோல் குறையோ கிளட்ச் குறையோ காபி குடித்தால் சரியாகுமா அப்பா? வண்டி நிற்கும்போது நடப்பது ஒன்றே ஒன்றுதான். ஓடும்போது முகப்பு வழியாக வீசுகிற குளிர்காற்று நின்றுபோய், எஞ்சின் சூடு மூடிக்குள் முழுக்கப் பரவுகிறது. எதுவோ உறைகிறது, நிறுத்தினால் உருகுகிறது. நான் 18 டிகிரி பட்டறைக்குள் வைத்து மூன்று நாள் தேடியிருக்கிறேன்!

மறுநாள் காலை −28. டர்போ தள்ளுகிற காற்றின் பிரஷரைக் காட்டுகிற மெக்கானிக்கல் பூஸ்ட் கேஜ் ஒன்றை வண்டியில் நேராகக் காற்றுக் குழாயில் டீ போட்டு இணைத்து, முன் கண்ணாடியில் டேப் அடித்து ஒட்டினேன். வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிகிற பிரஷரைப் பதிவுசெய்ய லேப்டாப்பை ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன், வெளியே வைத்தால் பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்காது. கரண்ட் டவர் லைன் ஓரமாகப் போகிற பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். கன்னம் மரத்துப்போன பிறகு வந்தது பாருங்கள். விரலை அழுத்துகிறேன், கண்ணாடியில் கேஜ் முள் உடனே எழுந்து 8ஐத் தொடுகிறது, எஞ்சின் மட்டும் திணறிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் ஒரு பாய்ச்சல். திரும்பி வந்து பதிவைப் பார்த்தால், முள் 8இல் நின்ற நேரத்தில் கம்ப்யூட்டரின் கணக்கில் இன்னும் 3தான் இருந்திருக்கிறது.

டர்போ தன் வேலையை நேரத்துக்குச் செய்துகொண்டிருந்தது. காற்று வந்து சேர்ந்துவிட்டது என்ற சேதிதான் தாமதமாகப் போயிருக்கிறது. சேதி வராததால் கம்ப்யூட்டர் பழைய கணக்குக்கே பெட்ரோல் விட்டிருக்கிறது.

அந்தச் சேதி, அதாவது காற்றின் பிரஷர், கம்ப்யூட்டருக்கு அதை அளந்து சொல்கிற சென்சாருக்குப் போவது ஒரு பென்சில் தடிமன்கூட இல்லாத ரப்பர் ஹோஸ் வழியாக. வாசலிலேயே, வண்டி சூடேறி உருகுவதற்குள் மூடியைத் திறந்து அந்த ஹோஸை உருவினேன். முகப்புக் காற்று நேராக அடிக்கிற இடத்தில் அது துணி காயப்போட்ட கயிறு மாதிரி தொய்ந்து கிடந்தது. தொய்வை விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை, மிச்சமெல்லாம் ஐஸ். அந்த ஊசித்துளை வழியாகத்தான் பிரஷர் மெதுவாகக் கசிந்து சென்சாருக்குப் போய்க்கொண்டிருந்தது. கையில் பிடித்துக்கொண்டே முதலாளியைக் கூப்பிட உள்ளே ஓடினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் ஹோஸிலிருந்து இரண்டு சொட்டு தண்ணீர் என் ஷூவில் விழுந்தது, அவ்வளவுதான். நல்லவேளை, வெளியே வைத்தே போனில் ஒரு படம் எடுத்திருந்தேன்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால் அந்த மோர்தான். எஞ்சின் எரிக்கிற பெட்ரோலில் ஒரு பங்கு நீராவியாகிறது, கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது, எஞ்சின் முழுச் சூடு ஏறி ஓடினால் அது போய்விடும். பெரியவர் நீண்ட தூரம் ஓட்டுவது எப்போதாவதுதான், மற்ற நாளெல்லாம் ஏரியில் தூண்டில் போட இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்து, சாயங்காலம் இரண்டு கிலோமீட்டர் திரும்பி வருகிறார். அந்த நாட்களில் எண்ணெய் காய்வதே இல்லை. பிரீதர் குழாய் அந்த ஆவியைக் காற்றுப் பாதையிலேயே கொண்டுபோய் விடுகிறது, அங்கிருந்து தொய்ந்த ஹோஸுக்கு. முதல் நாளே அந்த மூடியைத் திறந்து பார்த்து ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பெல்ட் காசு மிஞ்சியிருக்கும்.

ஹோஸை நீளம் குறைத்து, தொய்வில்லாமல் சென்சாரிலிருந்து கீழ்நோக்கிச் சரிவாக, கூலன்ட் பைப்பை ஒட்டிக் கொண்டுபோய்க் கட்டினேன். தண்ணீர் சேர்ந்தாலும் வழிந்து போய்விடும். எண்ணெய் மாற்றினேன். ஏரிக்குப் போவதற்கு முன் நல்ல தூரம் ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள் என்றேன், அதற்கென்ன, சந்தோஷமாகப் போகிறேன், வீட்டில் நீ சொன்னாய் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார். போன வாரம் வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார், உள்ளே பிக்கரல் என்று இங்கே சொல்கிற மீன், நாலு. கட்டை மாதிரி உறைந்திருந்தது. முள் கம்மி. அம்மாவின் மிளகு மசாலா தடவிப் பொரித்தேன், கூட இருக்கிற பையன்கள் எனக்கு ஒரு துண்டுதான் மிச்சம் வைத்தார்கள்.

பெல்ட் காசை முதலாளி பெரியவரிடம் வாங்கவில்லை, என்னிடமும் பிடிக்கவில்லை. பழைய பெல்ட் மட்டும் இன்னும் என் மேஜைமேல்தான் கிடக்கிறது, எடுத்துப்போட மனசு வரவில்லை.

நாளைக்கு இன்னொரு டர்போ வண்டி காத்திருக்கிறது. இதுவும் பிக்கப் இல்லை என்றுதான். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கம் சீழ்க்கை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், வேகமாக ரேஸ் கொடுத்தால் டிக் டிக்கென்று வருகிறது, நன்றாகச் சூடேறியதும் நின்றுவிடுகிறது. நான் மனசுக்குள் ஒன்று நினைத்து வைத்திருக்கிறேன். எங்கே இருக்கும் என்று நீங்களும் யோசித்து, தம்பியிடம் சொல்லி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே பொழுது விடிந்ததும் சொன்னீர்கள் என்றால் நான் மூடியைத் திறப்பதற்குள் வந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்