வாடகைக்கு வந்தவரிடம் நூறு கேள்வி, ஹோட்டல்காரருக்குப் பொன்னாடை

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் வெளி மாவட்டத்தார் பெருகிவிட்டார்கள், வீடு காணி கொடுப்பதில் ஊர் இனிக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலும் இதே கதைதான். சென்ற மாத ஊர்ச் சங்கக் கூட்டத்தில், வெளியாருக்கு வாடகைக்குக் கொடுப்பவர்கள் முதலில் சங்கத்தின் சம்மதம் வாங்க வேண்டும் என்று தீர்மானம் போடப் பார்த்தார்கள். அப்படிக் கொடுத்தவள் நான் என்பதால் எல்லார் கண்ணும் என்மேல் இருந்தது. அன்று வாய் எழும்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வளவின் பின்பக்கத்து இரண்டு அறையில் ஒன்றரை வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறது. மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். அவருக்குக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அலுமினியக் கதவு, யன்னல் பொருத்தும் வேலை. மனைவி தையல். அவர்கள் வந்த மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுத் தங்கச்சி வேலியடியில் நின்று, “என்னக்கா, ஆர் எவரெண்டு தெரியாம வீட்டக் குடுத்திட்டீங்களே, மறுகா எழுப்ப ஏலாமப் போனா என்ன செய்யிற?” என்று கேட்டார். அதே தங்கச்சிதான் பள்ளிக்கூடம் தொடங்க ஒரு வாரம் இருக்கையில் இரண்டு மகள்மாரின் சீருடைத் துணியோடு எங்கள் பின்வாசலுக்கு வந்தார். இரவு பதினொரு மணிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தேன், அந்தப் பெண்ணின் விரலெல்லாம் நீலச் சோக். சட்டையின் கீழ்க்கரையில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்துத் தைத்திருந்தார். “பிள்ளை வளர்ந்தா அடுத்த வருஷம் அவிழ்த்து விடலாம் அம்மா, புதுசு தைக்கத் தேவையில்ல” என்றார். அடுத்த வருடத் தையற்கூலியைத் தானே வேண்டாமென்று விடுகிற ஒரு மனுசியைப் பற்றித்தான் கூட்டத்தில் ‘நம்பேலாத ஆக்கள்’ என்று பேசினார்கள்.

என் அப்பா பருத்தித்துறைக்காரர். 1956 இல் இங்குள்ள கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளறிக்கல் உத்தியோகம் கிடைத்து, மாகோவில் ரயில் மாறி இங்கு வந்து இறங்கியவர். புறப்படும்போது அவருடைய தாய் சொன்னது வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்: “மட்டக்களப்பில ஒரு வீட்டிலயும் தண்ணி வாங்கிக் குடிக்காத தம்பி, பாயோட ஒட்ட வச்சிடுவாங்கள்.” மூன்று வருடத்தில் அம்மாவைக் கட்டி, இந்த ஊர் வழக்கப்படி அம்மாவின் சீதன வீட்டுக்கே குடிவந்தார். மாமனார் வீட்டுக்காரர் அவரிடம் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள்தான். ஆனால் கேட்டு முடித்து வீட்டுக்குள் எடுத்தார்கள். பின்னேரமானால் விறாந்தையில் இருந்து ஊராருக்குப் பென்சன் மனுவும் காணி மனுவும் எழுதிக் கொடுத்தபடியே அவருடைய காலம் போனது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு ‘யாழ்ப்பாணத்தார் வளவு’ என்றுதான் பெயர். அந்த வளவில் ஒரு வெளியூர்க் குடும்பம் இருக்கக்கூடாதென்று எனக்குச் சொல்ல வருகிறார்கள்.

இந்த ஊரில் படிப்பென்றால் மெதடிஸ்த மத்திய கல்லூரியைச் சொல்வோம். 1814 இல் கடல் கடந்து வந்த வில்லியம் ஓல்ட் தொடங்கியது. விளையாட்டென்றால் வெபர் மைதானம். அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் பொடியன்மாருக்குக் கூடைப்பந்து பழக்கிய வெபர் அடிகளாரின் பெயர் அது. யுத்த காலத்தில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் அழுதுகொண்டு போன வாசல்களில் ஒன்று, அதே நாட்டிலிருந்து வந்த மில்லர் அடிகளாருடையது. வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளாத ஊரல்ல இது. 1977, 1983 இனக்கலவரங்களில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்களுக்கும் இந்த மாவட்டம் இடம் கொடுத்தது. இப்போது மட்டும் என்ன வந்தது?

பயம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வந்த சிங்களக் குடியேற்றம், 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது எல்லாம் எங்கள் தகப்பன்மார் கண்ணால் கண்டவை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை பறிபோகிறதென்று மாட்டுப் பண்ணையாளர்கள் 2023 இல் சித்தாண்டியில் வீதியோரம் குந்தியிருக்கத் தொடங்கினார்களே, அதை நாங்களே கண்டோம். சூடு கண்ட பூனைகள் நாங்கள். ஆனால் அது அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பிடிக்கிற காரியம். முதலாம் திகதி காலையில் வாடகைக் காசை என்வலப்பில் போட்டுத் தருகிற தையற்காரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மயிலத்தமடுவில் காட்ட வேண்டிய கோபத்தை எங்கள் ஒழுங்கையில் காட்டுவதால் ஒரு மாட்டுக்கும் புல் கிடைக்கப் போவதில்லை.

உண்மையில் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில்தான் நாங்கள் வாய் திறப்பதில்லை. எங்கள் மாவட்டத்துப் பாசிக்குடாவைப் பாருங்கள். நெடுந்தூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தாண்டாத அப்படியொரு கடல். யுத்தம் முடிந்த கையோடு அந்தக் கரை துண்டு துண்டாகப் பெரிய ஹோட்டல்களுக்குப் போனது. திறப்பு விழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் போனார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். எத்தனை பேருக்கு வேலை, யாரிடம் மீன் வாங்குவீர்கள், தோணிக்காரர் கரைக்குப் போகும் பாதை திறந்திருக்குமா என்று யார் எழுத்தில் கேட்டது? என் தங்கையின் மகன் ஹோட்டல் முகாமைத்துவம் படித்து, அங்குள்ள ஒரு ஹோட்டலுக்கு விண்ணப்பித்தான். ஆட்களை எடுப்பது கொழும்பில், நேர்முகத்துக்கு அங்கே வர வேண்டும் என்றார்கள். போய் வந்தான். சிங்களம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். இப்போது டோகாவில் அதே வேலையைச் செய்கிறான், அங்கே சிங்களம் யாரும் கேட்கவில்லை. அவனுடைய வீட்டிலிருந்து பாசிக்குடாக் கடற்கரை சைக்கிளில் கால் மணித்தியாலம்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் எழுதத்தான் வேண்டும். ‘ஹோட்டல் வேலை’ என்றால் முகம் சுளிக்கிறோம். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், வரவேற்பு மேசையில் நின்றாள் என்பதற்காகக் கலியாணப் பேச்சு முறிந்ததை நான் அறிவேன். பட்டதாரிப் பிள்ளை அரசாங்க நியமனம் வருமென்று ஐந்து வருடம் வீட்டில் இருக்கலாம், அது மரியாதை. பிறகு, வேலையெல்லாம் வெளியாருக்குப் போகிறதென்று கூட்டம் போடுகிறோம்.

அம்பாறை மாவட்டக் கரையிலுள்ள அறுகம்பையில் வேறு விதமாக நடந்தது. எழுபதுகளில் அலைச்சறுக்கு விளையாட வந்த வெள்ளைக்காரருக்கு அந்தப் பக்கத்துச் சனம் தங்கள் வளவிலேயே கிடுகுக் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். கொட்டில் கபானாவானது, கபானா மாடியானது. போன வருடம் நாங்கள் தங்கிய இடத்தில் உம்மா சமைத்தார், வாப்பா கணக்குப் பார்த்தார், மகன் விடியற்காலையில் விருந்தாளிகளைப் பலகையோடு அலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேசைக்கு வந்த மீன் யாருடைய தோணியில் வந்ததென்று அந்த உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அங்கேயும் பிரச்சினை இல்லாமலில்லை, சுற்றுலா விசாவில் வந்து கடை நடத்துகிறார்கள் என்று அவர்களும் குறைப்படுகிறார்கள். ஆனாலும் காசு முதலில் ஊர்க்காரர் கையில் விழுகிறது, அதன் பிறகுதான் வெளியே போகிறது.

ஆகவே எங்கள் சங்கமும் மற்றச் சங்கங்களும் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுதட்டும். அரச காணியைக் குத்தகைக்கு எடுக்கும் ஹோட்டல், அந்தப் பிரதேசத்துப் பிள்ளைகளை எத்தனை பேர் எடுக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நேர்முகம் இங்கே நடக்க வேண்டும், தமிழிலும். கடலுக்குப் போகும் பாதை பூட்டப்படக்கூடாது. மீனவர் சங்கத்திடம் மீன் வாங்க வேண்டும். பொன்னாடை அதற்குப் பிறகு போர்த்தலாம். இந்தத் தீர்மானத்துக்கு முதல் கையை நான் தூக்குவேன்.

வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடுங்கள். முக்கியமாகப் பிள்ளைகளை. எங்கள் பின்வீட்டு மகளுக்கு ஆறு வயது. முதலாம் வகுப்புக்கு நடக்கிற தூரத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பதிவு என்று கேட்டு, பிறகு இடமே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வகுப்பில் இருபத்தொரு பிள்ளைகள்தான் என்று அங்கே படிக்கும் பிள்ளையின் தாய் என்னிடம் சொன்னார். இப்போது அந்தச் சின்னப் பிள்ளை விடிய ஆறேகாலுக்குத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, பாலம் கடந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. தாய் திரும்பி வந்து மெஷினில் உட்கார எட்டு மணியாகிறது. இரண்டாந் தரம் மனு எழுதியிருக்கிறோம். அப்பாவின் அதே விறாந்தையில் இருந்து நான்தான் எழுதினேன். திங்கட்கிழமை அவர்களோடு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். சங்கத் தலைவரையும் கூட வரும்படி கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
கல்லடி, மட்டக்களப்பு.